கெலா மீனைத் தேடி

காஜாங் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சாத்தே. ஆனால், அந்நகரின் ஓரமாக ஓர் ஆறும் ஓடுகிறது. நுவாங் மலைப் பகுதியில் பிறந்து, உலு லங்காட் பள்ளத்தாக்கில் இறங்கி, காஜாங், டெங்கில், பந்திங் வட்டாரங்களைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கும் லங்காட் ஆறு அது. தினமும் அதன் பாலங்களைக் கடந்து செல்வோரில் அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

அவ்வாறு பார்ப்பவர்களுள் ஒருவர் எழுபத்திரண்டு வயதுத் தாத்தா. இளமையில் காஜாங்கை அடுத்த ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். அவருடைய பேரன் இரண்டாம் படிவ மாணவன். தாத்தாவின் நெடுநாள் ஆசை ஒன்றுண்டு. கால்களில் வலு இருக்கும்போதே பேரனை அழைத்துக்கொண்டு பகாங் மாநிலக் காட்டாறு ஒன்றில் கெலா மீனுக்குத் தூண்டில் போட வேண்டும். அந்த ஆசைதான் ஒரு நாள் மாலை சாப்பாட்டு மேசையில் பயணத் திட்டமாக மாறியது. பேரன் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்தான். முதல் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதச் சொன்னார் தாத்தா. எப்போது? எங்கே? எதற்கு?

“எப்போது என்று எழுதவே வேண்டியதில்லை, தாத்தா. டிசம்பரில் நீண்ட விடுமுறை வருகிறதே!” என்றான் பேரன்.

“விடுமுறை நமக்குத்தான், தம்பி. ஆற்றுக்கு அது மழைக்காலம்,” என்றார் தாத்தா.

அவர் சொன்னது உண்மை. நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று தீபகற்பத்தின் கிழக்குப் பகுதியில் பெருமழையைக் கொட்டும். 2014 டிசம்பரில் தெம்பெலிங் ஆறு பெருக்கெடுத்தபோது, கோலா தஹானில் தங்கியிருந்த சுற்றுப்பயணிகள் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டனர். அவர்களை மீட்க ஹெலிகாப்டர்கள் செல்ல வேண்டியிருந்தது. வெள்ளம் இல்லாவிட்டாலும் மழைக்காலத்து ஆறு கலங்கிச் சேற்று நிறமாக ஓடும். கெலாவோ தெளிந்த நீரை நாடும் மீன். ஆகவே, டிசம்பர் என்று எழுதியதைப் பேரன் அடித்துவிட்டு, மே மாத இறுதியில் வரும் பள்ளி விடுமுறையைக் குறித்துக்கொண்டான்.

அடுத்த கேள்வி, எங்கே? “இவ்வளவு தூரம் போவானேன்? நம் லங்காட் ஆற்றிலேயே தூண்டில் போடலாமே!” என்று பேரன் கேட்டான். தாத்தா பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை அவனை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றார். நீர் பழுப்பு நிறமாக ஓடியது. கரையோரப் புதர்களில் பிளாஸ்டிக் பைகள் தொங்கின. அரை மணி நேரம் காத்திருந்த பிறகு, சற்றுத் தள்ளி வலை வீசிக்கொண்டிருந்த ஒருவர் கரிய, முரட்டுச் செதில்கள் கொண்ட மீன்கள் சிலவற்றைக் கரையில் கொட்டினார். அவை ‘பண்டாராயா’ மீன்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதற்காக வாங்கியவர்கள், பெரிதானதும் ஆற்றில் விட்டுவிட்டார்கள். அழுக்கு நீரிலும் அவை செழித்துப் பெருகின. இன்று சிலாங்கூர் ஆறுகளில் தன்னார்வலர்கள் கூடி இவற்றைப் பிடித்து அகற்றி வருகிறார்கள்.

“நான் உன் வயதில் இருந்தபோது இதே ஆற்றின் மேற்பகுதியில் தெங்காஸ் பிடித்திருக்கிறேன், செபாராவ் பிடித்திருக்கிறேன்,” என்றார் தாத்தா. பேரனுக்கு அது கதை போலத் தோன்றியது. ஆனால், அந்த ஆறு வெறும் கதையன்று. கிள்ளான் பள்ளத்தாக்கின் பல இலட்சம் மக்கள் குடிக்கும் நீர் லங்காட், செமினி ஆறுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. 2016இல் ஆற்று நீரில் மாசு கலந்து துர்நாற்றம் வீசியதால், செமினி நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டு வீடுகளில் குழாய்கள் வறண்டதைக் காஜாங் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். மீன் வாழ முடியாத நீர் ஒரு நாள் நம் குழாய்க்கும் வராமல் போகும். நான்கு மணி நேரம் பயணம் செய்து கெலாவைத் தேடிப் போக வேண்டியதன் காரணம் பேரனுக்கு அன்று விளங்கியது.

ஆகவே, தாமான் நெகாரா என்று எழுதினார்கள். பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரந்திருக்கும் இந்தத் தேசியப் பூங்காவின் பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். காராக் நெடுஞ்சாலை வழியாகத் தெமர்லோ, அங்கிருந்து ஜெராண்டுட், பின்னர் கோலா தஹான் என்பது வழி. கோலா தெம்பெலிங் படகுத்துறையிலிருந்து ஆற்று வழியாகவும் செல்லலாம். நீரோட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் படகில் போக வேண்டும். போகும்போது சாலை, திரும்பும்போது படகு என்று அப்பா முடிவு செய்தார்.

காட்டுக்குள் நினைத்த இடத்தில் தூண்டில் போட முடியாது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் நுழைவு அனுமதியும் மீன்பிடி உரிமமும் பெற வேண்டும். எந்த ஆறு திறந்திருக்கிறது, எது மூடப்பட்டிருக்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். தஹான் ஆற்றிலுள்ள தெனோர் மடு கெலா மீன்களுக்கான சரணாலயம். அங்கே மீனுக்கு உணவு போடலாம். தூண்டில் போடக் கூடாது. “முதலில் அங்கேதான் போக வேண்டும். பிடிக்கப் போகும் மீனை முதலில் பார்த்துத் தெரிந்துகொள்,” என்றார் தாத்தா.

கெலா, கெண்டை இனத்தைச் சேர்ந்தது. கற்கள் நிறைந்த ஆற்றுப் படுகையில், குளிர்ந்த, வேகமான நீரில் வாழும். பெரிய செதில்கள் வெயிலில் பொன்னிறமாகவும் செந்நிறமாகவும் மின்னும். கரையோர மரங்களிலிருந்து விழும் பழங்கள் அதற்கு மிகவும் பிடித்த உணவு. அதனால்தான் தூண்டில்காரர்கள் அதற்குச் செம்பனைப் பழத்தை இரையாகக் கோப்பதுண்டு. இதைக் கேட்டதும் தாத்தா வாய்விட்டுச் சிரித்தார். முப்பது ஆண்டுகள் முதலாளிக்காக வெட்டிய பழம், இப்போது தமக்காக ஒரு மீனைக் கூப்பிடப் போகிறதே என்று! ஆயினும், பூங்காவில் எந்த இரைக்கு அனுமதி உண்டு என்பதைக் கேட்க வேண்டும் என்று பேரன் குறித்துக்கொண்டான்.

பாதுகாப்புக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கினார்கள். படகில் எல்லாருக்கும் மிதவை அங்கி. அட்டைக்கடிக்கு நீண்ட காலுறை. மருந்துப் பெட்டி. கைப்பேசித் தொடர்பு கிடைக்காத இடங்கள் உண்டு என்பதால், திரும்பும் நாளையும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மலைநீர் திடீரென்று பெருகி வருவதை அறிந்திருக்க வேண்டும். ‘கெப்பாலா ஆயர்’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் இதை உலு லங்காட்டில் குளிக்கச் செல்வோரும் அறிவர். நாம் நிற்கும் இடத்தில் வெயில் காயலாம்; மலையுச்சியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தாலோ, தூண்டிலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

கடைசிக் கேள்வியில்தான் சிக்கல் எழுந்தது. எதற்கு? கொண்டு செல்லும் பொருள்களின் பட்டியலில் அப்பா ‘பெரிய ஐஸ் பெட்டி’ என்று தம் கையால் எழுதியிருந்தார். கெலா விலையுயர்ந்த மீன். உணவகங்களில் ஒரு கிலோ பல நூறு ரிங்கிட் வரை விற்கும். நல்ல கெலா ஒன்று கிடைத்தால் உறவினரையெல்லாம் அழைத்து விருந்து வைக்கலாம் என்பது அவர் கணக்கு. பேரனுக்கோ மீனைத் தூக்கி வந்து நண்பர்களுக்குக் காட்ட வேண்டும்.

“பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவோம்,” என்றார் தாத்தா.

“அவ்வளவு தூரம் போய், பிடித்ததை விட்டுவிட்டு வருவதா? ஒரு மீன் குறைந்தால் ஆறு வற்றிவிடுமா, அப்பா?” என்று மகன் கேட்டார்.

தாத்தா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். இளமையில் அவரும் நண்பர்களும் தோட்டத்து ஓடையில் ‘தூபா’ வேரை இடித்துக் கரைத்திருக்கிறார்கள். அந்த நஞ்சில் மயங்கி மீன்கள் கூட்டம் கூட்டமாக மிதக்கும். பெரியவற்றை எடுத்துக்கொண்டு குஞ்சுகளை அப்படியே விட்டுவிட்டு வருவார்கள். “அன்று நாங்களும் இதையேதான் கேட்டோம். கொஞ்சம் எடுத்தால் ஆறு வற்றிவிடுமா என்று. ஆறு வற்றவில்லை. மீன்தான் இல்லை,” என்றார் அவர். நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடைசெய்கிறது. ஆனால், தாத்தாவின் குரலில் இருந்தது சட்டத்தின் அச்சமன்று, நெடுநாள் வருத்தம்.

மறுநாள் பேரன் பள்ளி நூலகத்தில் தேடிப் படித்தான். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் மீன்கள் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. அவற்றோடு ஸ்டீல்ஹெட் என்னும் மீனும் கடலிலிருந்து ஆறேறி வருகிறது. பசிபிக் சால்மன் முட்டையிட்டபின் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் சில வேளைகளில் பிழைத்து மீண்டும் கடலுக்குச் செல்லும். அங்குள்ள தூண்டில்காரர்கள் மீன் ஆறேறும் மாதத்தைப் பார்த்துத்தான் பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். பண்ணையில் பொரித்து ஆற்றில் விடப்படும் குஞ்சுகளுக்கு முதுகின் பின்புறமுள்ள சிறு துடுப்பை வெட்டி அடையாளமிடுவதுண்டு. பல ஆறுகளில் அந்த அடையாளமுள்ள ஸ்டீல்ஹெட்டை மட்டுமே வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். துடுப்பு முழுமையாக இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த மீன். அதை விட்டுவிட வேண்டும்.

நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருந்தது. சபா மாநிலத்தில் ‘தாகால்’ என்னும் வழக்கம் உண்டு. தடை என்பது அதன் பொருள். ஊர் மக்களே கூடி, ஆற்றின் குறிப்பிட்ட பகுதியில் மீன் பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்து காவல் காக்கிறார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி சபா அரசும் இதற்கு ஏற்பளித்தது. ரானாவ் வட்டாரத்தின் மொரோலி ஆற்றில், கெலாவின் உறவான பெலியான் மீன்கள் இன்று மனிதரின் கால்களை உரசிக்கொண்டு நீந்துகின்றன. அதைக் காணப் பயணிகள் வருகிறார்கள். ஊருக்கு வருமானமும் வருகிறது.

இவற்றையெல்லாம் பேரன் இரவுச் சாப்பாட்டின்போது படித்துக் காட்டினான். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த சில நாள்கள் மாலை வேளைகளில் வீட்டு முன்றிலில் பயிற்சி நடந்தது. தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு எதிர்முள்ளைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கத் தாத்தா கற்றுக்கொடுத்தார். அப்போதுதான் மீனின் வாயைக் கிழிக்காமல் முள்ளைக் கழற்றலாம். மீனைத் தொடுவதற்கு முன்னர்க் கையை நனைக்க வேண்டும். உலர்ந்த கை அதன் உடலைக் காக்கும் வழவழப்பை உரித்துவிடும். படமெடுப்பதென்றாலும் நீரை விட்டு அதிக நேரம் தூக்கி வைக்கக் கூடாது. களைத்த மீனை உடனே எறிந்துவிடாமல், தலையை நீரோட்டத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு, அது தானாகத் துள்ளிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். “பிடிப்பதற்குக் கை போதும். விடுவதற்குப் பொறுமை வேண்டும்,” என்றார் தாத்தா.

“ஒன்றுமே கிடைக்காமல் போனால், தாத்தா?” என்று கேட்டான் பேரன்.

“ஆறு இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு வருவோம். அடி கல் தெரிய ஓடும் ஆற்றை நீ இன்னும் பார்த்ததில்லை.”

மே மாதம் வந்தது. புறப்படுவதற்கு முந்திய இரவு, பேரன் பொருள்களைச் சரிபார்க்கப் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தான். உரிமத்துக்கான குறிப்பு, மிதவை அங்கி, மருந்துப் பெட்டி, தங்கூசி நரம்பு, குறடு என்று ஒவ்வொன்றாகக் குறியிட்டுக்கொண்டே வந்தான். பட்டியலின் கடைசியில் அவன் கை நின்றது. ‘பெரிய ஐஸ் பெட்டி’ என்ற வரியின்மேல் ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. அதன் கீழே அப்பாவின் கையெழுத்தில் புதிய வரி ஒன்று இருந்தது: ‘திரும்பி வந்த மறுவாரம், ஞாயிறு காலை. லங்காட் ஆறு. குப்பைப் பைகள், கையுறைகள். மூவரும்.’

பேரன் அந்தப் பக்கத்தைத் தாத்தாவிடம் காட்டினான். அவர் கண்ணாடியை அணிந்துகொண்டு இருமுறை படித்தார். பிறகு, எதுவும் சொல்லாமல் புத்தகத்தை மூடிப் பயணப்பையின் மேலே வைத்தார்.