வெஸ்ட்ஃபீல்டு: வீடுகளே நினைவுச்சின்னமான ஊர்

இங்கிலாந்தின் வடமேற்கில், லூன் ஆற்றங்கரையில் இருக்கிறது லங்காஸ்டர் நகரம். அதன் ரயில் நிலையத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் வெஸ்ட்ஃபீல்டு வந்துவிடும். வளைந்து செல்லும் தெருக்கள், இருபுறமும் மரங்கள், தோட்டத்தோடு கூடிய சிறிய வீடுகள். பல வீடுகளுக்குப் பெயர் உண்டு; கட்டப் பணம் கொடுத்தவரின் பெயர் அல்லது முதல் உலகப் போரின் களம் ஒன்றின் பெயர். போரில் ஊனமுற்ற சிப்பாய்கள் குடும்பத்தோடு வாழ்வதற்கென்றே திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது.

அந்தப் போரில் கை கால் இழந்த பிரிட்டிஷ் வீரர்கள் மட்டும் 41,000 பேர். ஓய்வூதியம் வந்தது, ஆனால் படியேற முடியாதவருக்கு ஏற்ற வீட்டை, அவரால் கொடுக்கக்கூடிய வாடகையில், யார் கட்டித் தருவது? அந்தப் பொறுப்பு பெரும்பாலும் நல்ல மனம் கொண்டவர்களின் தலையில்தான் விழுந்தது.

லங்காஸ்டரில் அப்படி முன்வந்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் மாசன். நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள அமைதி அரண்மனைக்குத் தோட்டம் வடிவமைத்த புகழ்பெற்ற நிலவடிவமைப்பாளர். 1915இல் இவருடைய மகன் ஜேம்ஸ் போர்க்களத்தில் காயம்பட்டு இறந்தார். ஊனமுற்ற வீரர்களுக்குத் தனிக் கிராமங்கள் அமைப்பது நாட்டின் கடமை என்று வாதாடி, 1917இல் மாசன் ஒரு நூலே எழுதினார். உள்ளூர்த் தொழிலதிபர் ஹெர்பர்ட் ஸ்டோரி தன் வெஸ்ட்ஃபீல்டு நிலத்தைத் தானமாகத் தந்தார். ஊர் மக்கள் நிதி திரட்டினார்கள். போர் முடிந்த பின், பிரிட்டிஷ் படைத் தளபதியாக இருந்த ஃபீல்டு மார்ஷல் ஹெய்க் கிராமத்தைத் திறந்துவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் 30க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

இந்த ஊரின் சிறப்பு அதன் வரைபடத்திலேயே தெரியும். படியேற முடியாதவருக்கு எல்லாம் தரைத்தளத்திலேயே அமைந்த வீடு. குழந்தைகளோடு இருப்பவருக்கு மாடி வீடு. ஒரே அச்சில் வார்த்த முகாம் வரிசை இங்கே இல்லை. வீட்டுக்கு வீடு முகப்பு மாறும். அதைவிட முக்கியம், ஊர் இருக்கும் இடம். கடைத்தெருவும் ரயில் நிலையமும் நடந்து போகும் தூரத்தில் இருப்பதால், இங்கே குடிவந்தவர் நகரத்திலிருந்து ஒதுக்கப்படவில்லை. மருத்துவ விடுதியில் அவர் நோயாளி; இங்கே அவர் குடும்பத் தலைவர், அண்டை வீட்டுக்காரர்.

கிராமத்தின் நடுவே 1926இல் ஜென்னி டெலஹன்ட் என்ற பெண் சிற்பி வடித்த வெண்கலச் சிலை நிற்கிறது. வாளும் இல்லை, வெற்றிக்கொடியும் இல்லை. காயம்பட்டு விழுந்த தோழனைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு சிப்பாய், அவ்வளவுதான். சுற்றிலும் உள்ள வீடுகள் செய்யும் வேலையும் அதுவே.

நூறாண்டு கடந்தும் வெஸ்ட்ஃபீல்டில் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் வாழ்கின்றன. பழைய வீடுகள் பல இன்று அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. படையிலிருந்து திரும்புகிறவருக்கு வீடு கட்ட நினைக்கும் எந்த நாடும் இங்கே கற்க வேண்டியது இதைத்தான்: அவர் உடலுக்கேற்ற வாசல், சக்திக்கேற்ற வாடகை, ஊருக்குள்ளேயே இடம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது கூரையாக இருக்கும், வீடாக இருக்காது.