சிங்கராஜ வனத்தில் ஒரு வெண்தாள்

மழைக்காட்டைக் காணச் செல்பவர்கள் பெரும்பாலும் அண்ணாந்தே நடக்கின்றனர். வானளாவிய மரங்களும், அவற்றைத் தழுவிய கொடிகளும், கலந்து பறக்கும் பறவைக் கூட்டங்களும் கண்களை மேலே இழுத்துக்கொள்கின்றன. என் தமக்கை மகனோ, சிங்கராஜ வனத்துள் நுழைந்த கணம் முதல் நிலத்தை நோக்கியே நடந்தான். உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் அவனுக்கு, விரல் நகத்தளவான உயிர்களைப் பெருப்பித்துக் காட்டும் வில்லையொன்று அண்மையில் கிடைத்திருந்தது. பாடசாலைக் கண்காட்சிக்கு ஒரு தவளையின் படமாவது எடுத்துவிட வேண்டும் என்பது அவனது பேராவல்.

இரத்தினபுரியிலிருந்து கலவானை, வெத்தாகலை வழியாகக் குடாவையை அடைந்தால், அங்கே வனத்தின் வாயில்களுள் ஒன்று இருக்கிறது. அனுமதிச் சீட்டுப் பெற்று, வழிகாட்டி ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டே உள்ளே செல்லவேண்டும். எங்களுடன் வந்தவர் அயற்கிராமத்தவர், நடுத்தர வயதினர், சிங்களத்துடன் ஓரளவு தமிழும் கலந்து பேசினார். அட்டைகளுக்கு அஞ்சிக் காலுறைகளின்மேல் சவர்க்காரம் பூசிக்கொண்டு அவர் பின்னே நடந்தோம்.

வெளியே உச்சி வெயில், உள்ளேயோ மாலைப்பொழுது. மரமுடிகளில் விழும் கதிரொளியில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே இத்தகைய காட்டின் தரையை வந்தடைகிறது. அந்த மங்கலில், ஈரம் சொட்டும் ஓர் இலையின்மீது வழிகாட்டி விரல் நீட்டிக் காட்டினார். முதலில் எனக்கு ஒன்றுமே புலப்படவில்லை. பின்னரே, கபில நிறமான சிறு தவளையொன்று அமர்ந்திருப்பதைக் கண்டேன். இரண்டு சதமமீற்றர் நீளந்தான் இருக்கும். இந்நாட்டுப் புதர்த்தவளைகளுள் பெரும்பாலானவை வாற்பேய்ப் பருவம் நீரில் கழிக்காதவை; முட்டையிலிருந்து குட்டித் தவளைகளாகவே வெளிப்படுபவை.

மருமகன் மண்டியிட்டுக் கமராவை நீட்டினான். பிளாஷ் விளக்கு பளிச்சிட்டது. கமராவின் பின்புறத் திரையைப் பார்த்தவன் முகம் வாடிவிட்டது. முதுகெங்கும் வெள்ளைத் திட்டுகள். கண்ணில் ஊசிமுனை போன்ற ஒளிப்புள்ளி. வயிற்றின் கீழ் மைபோன்ற நிழல். உயிருள்ள தவளையைக் காணோம். கடையில் விற்கும் பீங்கான் பொம்மையே அங்கிருந்தது.

"விளக்கை அணைத்துவிட்டு எடுத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"முடியாது, மாமா. இவ்வளவு பெரிதாக எடுக்கும்போது ஒன்றரை மில்லிமீற்றர் ஆழந்தான் தெளிவாக விழும். அதற்கே துவாரத்தை மிகச் சுருக்கவேண்டும். வில்லையை இவ்வளவு நீட்டும்போது உள்ளே சேரும் ஒளியும் காற்பங்காகிவிடும். பிளாஷ் இல்லாவிட்டால் படம் இருண்டுபோகும், கை நடுக்கமும் அதிலே தெரியும்," என்றான்.

எங்கள் உரையாடலைக் கேட்டு நின்ற வழிகாட்டி புன்னகை செய்தார். "வெசாக் கூட்டுக்குள் விளக்கு வைக்கிறோம். தாள் ஒட்டாமல் வைத்தால் விளக்கு மட்டுந்தானே கண்ணைக் குத்தும்?" என்றார்.

அவர் சொன்னது ஒளியியலின் அடிப்படை உண்மையன்றோ! ஒளி வன்மையாவதும் மென்மையாவதும், ஒளி வரும் பரப்பு பொருளின் இடத்திலிருந்து எவ்வளவு அகன்று தோன்றுகிறது என்பதைப் பொறுத்தது. ஞாயிறு மிகப் பெரியதாயினும், நெடுந்தொலைவில் சிறு வட்டமாய்த் தோன்றுவதால் கூரிய நிழலை விழுத்துகிறது. அதே ஒளி முகிற்கூட்டத்துள் புகுந்து சிதறினால், வானம் முழுவதுமே விளக்காகி விடுகிறது, நிழல் கரைந்துபோகிறது. ஈரத்தோலும் வண்டின் ஓடும் கண்ணாடி போன்றவை. சிறிய விளக்காயின் அதன் உருவம் ஒரே இடத்தில் திரண்டு வெண்திட்டாகும். அகன்ற ஒளியாயின் அது மேனியெங்கும் பரவி, நிறத்தையும் மேடுபள்ளத்தையும் காட்டும்.

பேக்கரியில் கேக் சுற்றித் தந்த மெல்லிய வெண்தாள் எங்கள் பையில் இருந்தது. அதை எடுத்துப் பிளாஷ் விளக்கின் முகத்தில் ஒட்டிப் பார்த்தோம். பெரிய மாற்றம் இல்லை. விளக்கோடு ஒட்டிய தாள் விளக்கின் அளவாகவே இருக்குமல்லவா? பின்னர் ஒரு சாண் அகலமான அத்தாளைத் தவளைக்கு நான்கு விரல் உயரத்தில், வில்லையின் நுனியை ஒட்டிச் சாய்வாக நான் பிடித்துக்கொண்டேன். விளக்குக்கும் தாளுக்கும் இடையே போதிய வெளியிருந்தமையால் ஒளி விரிந்து தாள் முழுவதையும் நிரப்பியது. தாள் குடித்துவிட்ட ஒளியை ஈடுசெய்ய விளக்கின் வலுவைச் சற்றே கூட்டினான்.

இரண்டாவது படத்தில் தவளை உயிர்பெற்றது. முதுகின் நுண்ணிய மணிகள், கண்ணைச் சுற்றிய பொன்வளையம், இலையின் ஈரம், யாவும் தத்தம் நிறத்தில் விளங்கின. ஒளியைக் குறைக்கவில்லை, பரப்பினோம், அவ்வளவே.

மகிழ்ச்சி மேலிட்ட மருமகன், தவளையைத் தூக்கி வேறோர் அழகிய இலையில் வைக்கக் கையை நீட்டினான். வழிகாட்டி அவன் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். "தம்பி, கையிலே சவர்க்காரம்!" என்றார்.

தவளை தன் ஈரத்தோலாலும் சுவாசிக்கும் உயிர். அந்தத் தோலில் சவர்க்காரம் படுவது எத்தகைய தீங்கு! அவன் நாணித் தலைகுனிந்தான். நான்கு படங்களுக்குமேல் அதனிடம் ஒளி பாய்ச்சவும் வழிகாட்டி இசையவில்லை. நாங்கள் விலகி நடந்தோம்.

நாங்கள் நடந்த அகன்ற பாதையின் வரலாற்றை அவர் அப்போது கூறினார். 1972 முதல் 1977 வரை ஒட்டுப்பலகைக்காக இவ்வனத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டினர். பாரவூர்திகள் சென்ற பாதையே அது. பொதுமக்களின் எதிர்ப்பினால் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1978இல் இவ்விடம் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 1988இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. இங்குள்ள மரவினங்களுள் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டவை இலங்கைக்கே உரியவை.

வனத்தின் எல்லைப்புறத்தில் முன்னர் வெட்டி எரிக்கப்பட்ட சில நிலங்களையும் காட்டினார். அங்கே கெக்கில்லப் பன்னம் ஒன்றே அடர்ந்து கிடந்தது. வெயில் நேரே தாக்கிய அந்நிலத்தில், இலையடி ஈரத்தை நம்பி வாழும் தவளைக்கு இடமில்லை. அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று: நாங்கள் ஒரு தாளால் செய்ததை, இக்காடு பல அடுக்கு இலைகளால் நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறது. எங்கள் தாள் கிழிந்தால் ஒரு படந்தான் கெடும். இவ்விலைக்கூரை கிழிந்தாலோ அதன்கீழ் வாழும் உயிர்களே இல்லாமற்போகும்.

கண்காட்சியில் மருமகன் இரண்டு படங்களையும் அருகருகே வைத்தான். கெட்ட படத்தை ஏன் வைத்தாய் என்று கேட்டேன். "எப்படிக் கெட்டது என்று பார்த்தவர்களுக்கும் தெரியட்டும், மாமா," என்றான்.

சிங்கராஜ வனத்துக்குச் செல்லும் மாணவர்கள் கமராவுடன் ஒரு வெண்தாளையும் மறவாமல் எடுத்துச் செல்வார்களாக. சவர்க்காரம் பூசிய கைகளை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்வார்களாக.