வெட்டி எறிந்த 40 விநாடி

அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டு 50 ஆண்டு நிறைந்த 2013இல் நான் ஓர் ஆவணப்படம் எடுத்தேன். 14 நிமிடம். எடுத்தேன் என்பதைவிடத் தொகுத்தேன் என்பதே சரி; எல்லாம் பழைய காட்சிகள்தான். ஆஸ்வால்ட் ஒருவர்தான் கொலையாளி என்று 1964இல் அரசின் விசாரணைக் குழுவான வாரன் ஆணையம் சொன்ன முடிவைக் கேள்வி கேட்கும் படம். அப்படிக் கேட்டதில் இன்றும் எனக்குக் கூச்சமில்லை. ஒரே தோட்டா கென்னடியின் கழுத்தைத் துளைத்து, முன்னால் இருந்த ஆளுநர் கானலியின் மார்பு, மணிக்கட்டு, தொடை என்று பாய்ந்தது என்கிறது அறிக்கை. சந்தேகப்பட யாருக்கும் உரிமை உண்டு.

நான் செய்த தவறு வேறு.

1963 நவம்பர் 22, டாலஸில் நல்ல வெயில். வேடிக்கை பார்க்க வந்த சாப்ருடர் என்பவர் எடுத்த 26 விநாடிச் சுருளில், சாலைப் பலகையை ஒட்டி ஒரு கறுப்புக் குடை விரிந்திருக்கும். கென்னடியின் கார் அந்தப் பக்கம் வரும்போதுதான் குண்டு பாய்கிறது. அந்தக் குடையை மெதுவாக ஓடவிட்டேன். சிவப்பு வட்டம் போட்டேன். அடியில் உறுமி ஒலியை வைத்தேன். "இது யாருக்குக் காட்டிய சைகை?" என்று என் குரலிலேயே கேட்டேன்.

விடை எனக்குத் தெரியும். ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லினின் அடையாளமே குடைதான். கென்னடியின் தந்தை லண்டனில் தூதராக இருந்தபோது அவரை ஆதரித்தவர். அதை நினைவூட்டி மகனைச் சீண்டத்தான் குடையோடு போனேன் என்று குடை பிடித்த மனிதரே பிற்பாடு சாட்சி சொன்னார். ஆவணப்பட இயக்குநர் எரால் மோரிஸ் 2011இல் இதை ஆறு நிமிடப் படமாகவே எடுத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் தொகுக்க உட்கார்ந்தேன். அந்தச் சாட்சியத்தை 40 விநாடிக்குச் சேர்த்தும் பார்த்தேன். சேர்த்ததும் குடை வெறும் குடையாகிவிட்டது. வெட்டிவிட்டேன்.

ஒரு கல்லூரியில் திரையிட்டபோது முன்வரிசை மாணவி எழுந்து, "சார், அந்தக் குடைக்காரரை யாருமே விசாரிக்கலையா?" என்று கேட்டாள்.

"அதாம்மா மர்மமே" என்றேன். கைதட்டினார்கள்.

வாய்தவறிச் சொன்னதல்ல. நம்பிக் கேட்ட பிள்ளையிடம் தெரிந்தே பொய் சொன்னேன். அரசு உண்மையை மறைக்கிறது என்று சொல்ல வந்த படத்தில் ஒரு சாட்சியை நானே மறைத்தேன். அன்று அந்த அரங்கில் இருந்த யாராவது இதைப் படித்தால், அந்த மாணவியும் படித்தால், தெரிந்துகொள்ளுங்கள்: விசாரித்தார்கள். 1978 செப்டம்பரில், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன், பகிரங்கமாக. அந்தக் குடையையும் அங்கே காட்டினார்கள்.