அப்பாவோட காருக்கு வந்த குளிர்காய்ச்சல்

சிக்னல்ல நின்னாலே அப்பாவோட பழைய கார் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும். ஓடும்போது ஒண்ணும் தெரியாது. ஸ்பார்க் பிளக் நாலையும் மாத்தியும் பிரயோஜனமில்லை. "வித்துடலாம்டா"ன்னு அப்பா சொன்னப்ப குரல் சரியில்லை.

ஞாயித்துக்கிழமை பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓட ஓட, ஒவ்வொரு வேக்குவம் ஹோஸ் மேலயும் கொஞ்சம் தண்ணி தெளிச்சேன். ஒரு இடத்துல தண்ணியை உள்ளே இழுத்துச்சு, சத்தம் மாறிச்சு. ரப்பர்ல மயிரிழை விரிசல்! கணக்குல வராத காத்து அது வழியா புகுந்து, கலவையில பெட்ரோல் விகிதம் குறைஞ்சிருக்கு. ஐடிலிங்ல எஞ்சின் இழுக்கற மொத்தக் காத்தே கொஞ்சம்தான். அதான் அங்கே மட்டும் நடுக்கம்.

புது ஹோஸ் போட்டதும் முள் 800-ல அசையாம நின்னுச்சு.

அப்பா ஒண்ணும் சொல்லலை. சாவியை வாங்கிட்டு காய்கறி வாங்கக் கிளம்பிட்டார். கடை ரெண்டு தெரு தள்ளிதான் :-)