காய்ச்சல் விட்ட நாள்

ஆண்டெல்லாம் மணியோசைக்குக் கட்டுப்பட்டு வாழும் ஆசிரியனுக்கும், விடுமுறை வந்தால் கடலையும் காற்றையும் நாடி மனம் செல்வது இயல்பே. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத விடுமுறையில், துணைவியாருடனும் மைத்துனர் குடும்பத்தாருடனும் பங்கோர்த் தீவில் நான்கு நாள் தங்கிவரப் புறப்பட்டோம். அப்பயணத்தில் யாம் பெற்ற பட்டறிவை மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிதல் நலம் பயக்கும் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

எம் தோட்டத்திலிருந்து லூமுட் ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து பெர்ரியில் ஏறினால், பாடவேளை ஒன்று முடிவதற்குள் பங்கோரை அடைந்துவிடலாம். சிறிய தீவுதான்; ஆயினும் வரலாற்றில் அதற்குப் பெரிய இடமுண்டு. பேராக் மாநிலத்தில் ஆங்கிலேயர் ஆட்சி கால்கொள்ள வழிவகுத்த 1874ஆம் ஆண்டு உடன்படிக்கை, இத்தீவின் பெயராலேயே வழங்குகிறது. அதற்கும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1670இல், ஈயத்தை நாடி வந்த டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையின் செங்கற் சுவர்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. கடலை நோக்கி அமைந்த பத்திரகாளியம்மன் ஆலயமும், தீவைச் சுற்றியோடும் இளஞ்சிவப்பு நிற வேன்களும், மாலையில் தெலுக் நிப்பாக் கடற்கரைக்குப் பறந்துவரும் இருவாட்சிப் பறவைகளும் காணத் தெவிட்டாதவை.

இவற்றையெல்லாம் மகிழ்ந்து காணும் நிலையில் யாம் இல்லை. புறப்படுவதற்கு முந்தைய இரவே உடல் அனலாய்க் கொதிக்கத் தொடங்கிவிட்டது. “பயணத்தைத் தள்ளிவைப்போம்” என்றார் துணைவியார். அறைக்குப் பணம் கட்டியாயிற்று, மைத்துனரின் பிள்ளைகளும் பைகளைக் கட்டிவிட்டார்கள் என்று மறுத்தோம். பாரசிட்டமோல் மாத்திரை இரண்டை விழுங்கிவிட்டு, ஹஜ்ஜுப் பெருநாள் கூட்டத்தோடு கூட்டமாகப் பெர்ரியில் ஏறினோம்.

ஞாயிறும் திங்களும் அறையிலேயே கழிந்தன. கண்களுக்குப் பின்னால் வலி. எலும்பெல்லாம் முறிந்தாற்போன்ற நோவு. வலி பொறுக்கமாட்டாமல், மைத்துனரின் பையிலிருந்த ஆஸ்பிரின் மாத்திரைகளையும் விழுங்கினோம். தீவில் அரசாங்கச் சுகாதார நிலையம் இருந்தும் அங்குச் செல்ல எம் மனம் இசையவில்லை. ஊருக்கெல்லாம் அறிவுரை கூறிப் பழகிய வாய்க்கு, பிறர் கூறும் அறிவுரையைக் கேட்பது கசக்கும் போலும்.

செவ்வாய்க்கிழமை காலை வியர்த்துக் கொட்டியது, உடல் குளிர்ந்தது. “காய்ச்சல் விட்டது!” என்று மகிழ்ந்தோம். கடலைக் கண்ணாரக் காணாமல் ஊர் திரும்புவதா என்று, பிள்ளைகளுடன் மணலில் இறங்கி நடந்தோம்.

நண்பகலுக்குள் நிலைமை மாறிற்று. வயிற்றில் தாங்கொணா வலி; மூன்று முறை வாந்தி. துப்பிய எச்சிலில் இரத்தம் கலந்திருந்தது. கைகால்கள் சில்லிட்டன. பிசாங் கோரெங் விற்கும் மலாய்க்கார அம்மையார் ஒருவர் தம் நாற்காலியை எமக்குத் தந்தார். எம் துணைவியாரிடம், “சிக்குவுக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல்?” என்று வினவினார். “மூன்று நாள். இன்று காலைதான் விட்டது மக்சிக்” என்றார் துணைவியார்.

அவ்வளவுதான்! அம்மையாரின் முகம் மாறிவிட்டது. “காய்ச்சல் விட்ட நாளில்தான் என் மகனையும் சாகக் கொடுக்கப் பார்த்தேன். இது டிங்கியாக இருக்கும். வீட்டுக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்” என்று கூறி, அடுப்பை அணைத்துவிட்டுத் தாமே ஓடிச்சென்று ஒரு வேனை அழைத்துவந்தார். கொடுத்த பணத்தை அவர் தொடவும் இல்லை.

சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்தவர்கள் சிறிதும் தாமதிக்கவில்லை. படகு வழியாக லூமுட்டுக்கும், அங்கிருந்து ஆம்புலன்சில் பெரிய மருத்துவமனைக்கும் எம்மைக் கொண்டுசென்றார்கள். இரத்தத்தில் ஒன்றரை இலட்சத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டிய தட்டணுக்கள் முப்பத்திரண்டாயிரமாகக் குறைந்திருந்தன.

மருத்துவர் விளக்கியதை அன்பர்கள் ஊன்றிக் கருதவேண்டுகிறோம். டிங்கிக் காய்ச்சலில் பெரும் அபாயம் சூடு ஏறும்போது வருவதன்று. சூடு தணியும்போதே வருவது. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், வெப்பம் இறங்கும் வேளையில், இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து வெளியே கசியக்கூடும். அவ்வாறு கசிந்தால் இரத்தம் கெட்டிப்பட்டு, நாடி தளர்ந்து, உயிருக்கே ஊறு நேரும். அடுத்து வரும் ஒரு நாள் அல்லது இரண்டு நாள்களே கண்டம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை அதன் முன்னறிவிப்புகள். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள் இரத்தக் கசிவை மிகுவிக்கும். ஆக, யாம் மருந்தென்று உண்டதும் தீங்கு. நலமென்று மகிழ்ந்ததும் தீங்கு.

படுக்கையில் கிடந்தபோதுதான் எமக்குப் பள்ளியின் நினைவு வந்தது. “தோட்டத்தில் யாருக்கேனும் காய்ச்சல் உண்டா என்று கேட்டுப் பார்” என்று துணைவியாரிடம் கூறினோம். அவர் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவருக்கு அன்றிரவே தொலைபேசியில் செய்தி சொன்னார். மறுநாள் காலை பதில் கிடைத்தது. நாள்தோறும் காலை ஏழு மணிக்கு எம் அறையில் வருகைப் பதிவேடுகளைக் கொண்டுவந்து வைக்கும் ஐந்தாம் ஆண்டு மாணவிக்கு நான்கு நாளாகக் காய்ச்சலாம். அன்று விடியற்காலையில் அது விட்டுவிட்டதாம். பிள்ளை தேறிவிட்டாள் என்று எண்ணி, அவளை வீட்டில் உறங்கவிட்டு, தாயார் செம்பனைக் காட்டுக்குப் பழம் பொறுக்கச் சென்றிருந்தார்.

சங்கத் தலைவர் தம் மோட்டார் சைக்கிளில் காட்டுக்கே விரைந்து சென்று அத்தாயாரை அழைத்துவந்தார். நண்பகலுக்குள் அப்பிள்ளையும் எம் மருத்துவமனைக்கே வந்து சேர்ந்தாள். இரண்டு நாள் அவளுக்கு ஊசிவழியே நீர் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டாள். தீவிலே பலகாரம் விற்கும் அம்மையார் ஒருவர் சொன்ன சொல், கடலைத் தாண்டி வந்து தோட்டத்துப் பிள்ளையின் உயிரைக் காத்தது!

இனி, எழுதக் கூசும் செய்தியையும் எழுதவேண்டும். யாம் தீவிலே நோய் கொண்டோம் என்றே பலரும் எண்ணினர். அது தவறு. ஏடிஸ் கொசு கடித்தபின் நோய் வெளிப்பட நான்கு முதல் பத்து நாள் வரை செல்லும். ஆகவே நோயை யாமே ஊரிலிருந்து கொண்டுசென்றிருக்கிறோம். சுகாதார அதிகாரிகள் எம் பள்ளிக்கு வந்து மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். சாக்கடையில் இல்லை, குப்பைமேட்டில் இல்லை. எம் அலுவலறைச் சன்னலில், மணி பிளாண்ட் கொடி நின்ற கண்ணாடிப் புட்டியின் தெளிந்த நீரில் கொசுப்புழுக்கள் நெளிந்தன! ஆசிரியர் தினத்தன்று மாணவர்கள் அன்போடு தந்த கொடி அது. அதன் நீரை மாற்றவேண்டும் என்ற எண்ணம் எமக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அழுக்கு நீரில் கொசு பிறக்கும் என்றே திங்கட்கிழமைக் கூட்டங்களில் முழங்கி வந்தோம். ஏடிஸ் கொசுவோ தெளிந்த நீரையே விரும்பும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். பகலில், சிறப்பாகக் காலையிலும் மாலையிலும், கடிக்கும். காலை ஏழு மணிக்கு எம் அறைக்குள் வரும் அச்சிறுமியை எங்கே கடித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எம் நெஞ்சம் நடுங்குகிறது. 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி விதிக்கப்பட்ட 500 ரிங்கிட் தண்டத்தை எம் பணத்திலிருந்தே கட்டினோம். அச்சிறுமியின் இல்லத்திற்குச் சென்று, நடந்ததை மறைக்காமல் கூறினோம். அத்தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “நீங்களும் சாகக் கிடந்தீர்களே ஐயா” என்று கூறித் தேநீர் கொண்டுவந்தார்.

அவ்வாண்டில் மட்டும் நம் நாட்டில் 130,101 பேர் டிங்கியால் பீடிக்கப்பட்டார்கள். 182 பேர் மாண்டார்கள். அந்த எண்ணிக்கையில் எம் பெயரும் அப்பிள்ளையின் பெயரும் சேராமற்போனது, எம் திறமையால் அன்று.

அன்புமிக்க பெற்றோர்களே! பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் மகிழுங்கள். ஆனால் அன்று பிள்ளையைத் தனியே விட்டு வேலைக்குச் செல்லாதீர்கள். காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால், காசையும் கூலியையும் பாராமல் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். மாணவச் செல்வங்களே! வாரத்திற்குப் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றித் தேடுங்கள். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், குளியலறைத் தொட்டி, தேங்காய்ச் சிரட்டை ஆகிய எதையும் விடாதீர்கள்.

அந்தக் கொடி இன்றும் எம் சன்னலில் இருக்கிறது. இப்போது மண்ணில் வளர்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அதன் அடித்தட்டைக் கவிழ்த்துப் பார்க்கும் பொறுப்பை ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைத்துள்ளோம். தலைமையாசிரியரின் அறைதானே என்று தயங்காமல், கதவைத் தட்டி உள்ளே வாருங்கள். அங்கும் தேடுங்கள்.