ஜமுனாமரத்தூரில் மணிப்பூ பூக்குமா?

ஜவ்வாது மலையில்தான் குளிர் இருக்கிறதே, பூங்கொத்துக் கடைகளில் நீலமும் வெள்ளையுமாக நிற்கும் காம்பனுலா எனும் மணிப்பூவை இங்கே கொய்மலராக வளர்க்கலாமா? அதைப் பார்க்கத்தான் கார்த்திகையில் போளூர் வழியாக மலையேறினேன்.

ஜமுனாமரத்தூர் கடைத்தெருவைத் தாண்டியதும் சாமை அறுத்த கொல்லைகள், வரப்போரம் பலா மரங்கள். ஒரு கொல்லையின் மூலையில் மஞ்சள் சாமந்தி பூத்திருந்தது. பறித்துக்கொண்டிருந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவரிடம் குளிரைப் பற்றிக் கேட்டேன். “மார்கழியில பனி கொட்டும் சார். ஆனா ஒம்பது மணிக்கெல்லாம் வெயில் சுள்ளுனு அடிச்சிரும்” என்றார்.

விடை அந்தப் பேச்சிலேயே இருந்தது: இங்கே குளிர் நிலைப்பதில்லை, காரணம் உயரம் குறைவு. பக்கத்துக் காவலூர் வானாய்வகம் இருப்பது சுமார் 725 மீட்டர் உயரத்தில்; ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேல். ஐரோப்பாவைச் சேர்ந்த பல்லாண்டு மணிப்பூ வகைகள் பல வாரங்கள் கடுங்குளிரில் கிடந்தால்தான் மொட்டு வைக்கும். குளிர் போதாவிட்டால் இலைக்கொத்தாகவே நின்றுவிடும். பகலும் நீள வேண்டும். இந்த மலையில் ஆனி மாதத்துப் பகல்கூட 13 மணி நேரத்தை எட்டாது.

சாமந்தியின் கணக்கு நேர்மாறானது. இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். அதனால்தான் ஐப்பசி, கார்த்திகையில் தானாகப் பூக்கிறது. அதுவும் பல்லாண்டுச் செடியே. பூ முடிந்ததும் தண்டை வெட்டிவிட்டால் தூரிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பும். அவையே அடுத்த நடவுக்கு நாற்று. பெரியவரும் அப்படித்தான் செய்கிறார். அவர் பறிப்பது உதிரிப்பூ. மூட்டை கட்டிப் பேருந்தில் ஏற்றிவிடலாம். கொய்மலருக்கு நீண்ட தண்டு வேண்டும், வெட்டியதும் தண்ணீரில் நிறுத்த வேண்டும், சந்தை வரை வாடாமல் குளிர்ச்சியாகக் கொண்டுபோக வேண்டும்.

மணிப்பூவை முயன்றே பார்க்க விரும்புவோருக்கு ஒரு வழி உண்டு. ‘சாம்பியன்’ என்ற வகைக்குக் குளிர்காலம் தேவையில்லை. விதைத்த பருவத்திலேயே பூக்கும். ஆனால் அது ஒரு வெட்டோடு முடியும் பயிர். மழை படாத குடிலில் வளர்த்து, மாலையில் விளக்கெரித்துப் பகலை நீட்டிக் கொடுக்க வேண்டும். நுனியில் ஓரிரு பூ விரிந்ததுமே தண்டை வெட்ட வேண்டும்.

மலை என்ற ஒரே காரணத்துக்காகப் பல்லாண்டு மணிப்பூச் செடிகளை விலை கொடுத்து வாங்காதீர்கள். ஆசை இருந்தால் ஒரே ஒரு பாத்தியில் ‘சாம்பியன்’ விதைத்துப் பாருங்கள். பூவை வாங்குபவரை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றபடி, இந்த மலையின் குளிருக்கும் இரவுக்கும் ஏற்ற பூ சாமந்திதான்.