எண்ணில் அடங்காத பருவம்

பெண் பூப்பெய்தும் நாளுக்குப் பந்தலிட்டு உறவினரை அழைத்து விழா எடுக்கிறோம். அதே உடலில் மாதவிலக்கு நின்றுபோகும் காலத்தைப் பற்றியோ வீட்டில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு 47 வயது நடந்தபோது மாதவிலக்கு முறை தவறியது. இரண்டு மாதம் வராது. வந்தால் மிகுதியாகப் போகும். மார்கழிக் குளிரிலும் நள்ளிரவில் நெஞ்சிலிருந்து முகம்வரை அனல் ஏறும். உடை வியர்வையில் நனையும், உறக்கம் கலையும். சிறு சொல்லுக்கும் சினம் பொங்கும். "உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்றார் கணவர். "ஹார்மோன் அளவுகளைப் பரிசோதித்துவிடலாம், அம்மா" என்றாள் மகள்.

அந்தப் பரிசோதனையை நான் விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. காய்ச்சலுக்கு வெப்பமானி சாட்சி சொல்லும். என் அனலுக்கும் ஒரு சாட்சி வேண்டியிருந்தது.

மருத்துவரோ, "உங்களுக்கு அது தேவையில்லை; நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்" என்றார். பொறுமையாகக் கேட்டபின் விளக்கினார். சினைப்பைகள் ஓயத் தொடங்கும்போது அவற்றைத் தூண்டுவதற்காக, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. ஆனால் இந்த இடைக்காலத்தில் அதன் அளவு நிலையாக நிற்பதில்லை. இன்று உயர்ந்திருப்பது சில வாரங்களில் இயல்பாகவும் தோன்றலாம். ஆகவே ஓர் எண்ணைக் கொண்டு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ தீர்ப்பிட இயலாது. 45 வயதைக் கடந்த, மற்றபடி நலமாயுள்ள பெண்ணுக்கு அறிகுறிகளைக் கேட்டறிவதே போதும் என்று பிரிட்டனின் 'நைஸ்' நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறியும் கூறுகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிலக்கு வராதிருந்தால், அது நின்றுவிட்டது என்று கொள்வர்.

பரிசோதனையே வீண் என்பதன்று. 40 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நிற்பதுபோல் தோன்றினால் எஃப்.எஸ்.எச். அளவைப் பார்த்தாக வேண்டும். முற்றிலும் நின்றபின் மீண்டும் இரத்தம் கண்டாலோ ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரை நாட வேண்டும். தைராய்டுக் கோளாறும் இத்தகைய அறிகுறிகளைக் காட்டும் என்பதால் எனக்கு அதையும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவையும் மருத்துவர் பார்க்கச் சொன்னார். தைராய்டு சீராக இருந்தது. இரத்தச்சோகை இருப்பது தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரை தந்தார்.

அன்று என்னைத் தேற்றியது மாத்திரை மட்டுமன்று. சான்று கேளாமல் ஒருவர் என் சொல்லை நம்பினார் என்பதே பாதி மருந்தாயிற்று. மறுமுறை கணவரையும் உடன் அழைத்துச் சென்றேன். மருத்துவர் கூறியதைக் கேட்டுத் திரும்பும் வழியில் அவர் வெகுநேரம் பேசவில்லை. அன்றிரவு நான் வியர்த்து எழுந்தபோது, விளக்கைப் போட்டு, "தண்ணீர் கொண்டு வரட்டுமா?" என்றார்.

இப்படி ஒரு கேள்வி கேட்க எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை. நம் இல்லங்களில் எத்தனை பெண்கள் அதற்காகக் காத்திருக்கிறார்களோ!